கங்காதேவியின் கணவர்

"கம்பண்ணர் வந்தாரு, அப்புறம்தான் பெருமாள் திரும்பி வந்தாரு." ஸ்ரீரங்கத்தில் என் பாட்டி சொன்ன வரலாறு அவ்வளவுதான். ரொம்ப நாள் நானும் அதை அப்படியே நம்பினேன். 'மதுரா விஜயம்' படித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. நம்மூர் வரலாற்றுக்கு அந்தப் புத்தகத்தையே சாட்சியாக நிறுத்துகிறோம். ஆனால் அது ஒரு மனைவி தன் கணவனைப் பற்றி எழுதிய காவியம். அதை மறந்துவிட்டுப் படித்தால் ஏமாந்துதான் போவோம்.

குமார கம்பணர் விஜயநகர மன்னர் புக்கரின் மகன். ஆரம்பகால விஜயநகரம் கிட்டத்தட்ட ஒரு குடும்பக் கம்பெனி. ஹரிஹரர் காலத்தில் தம்பிகள் ஆளுக்கொரு பகுதியைப் பார்த்தார்கள். உதயகிரியைப் பார்த்த தம்பியின் பெயரும் கம்பணர்தான், குழம்பிவிட வேண்டாம். அடுத்த தலைமுறையில் பிள்ளைகளுக்கு மாகாணம். நம்முடைய கம்பணருக்கு முளுவாய். அங்கிருந்து இறங்கி முதலில் சம்புவராயரை வென்றார், பிறகு மதுரை சுல்தானை நோக்கி வந்தார். அன்றைக்கு சுல்தானின் படை நம் சமயபுரத்துக்குப் பக்கத்தில், கண்ணனூரில் இருந்தது. கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம்.

கங்காதேவியின் சமஸ்கிருதக் காவியத்தின் ஓலைச்சுவடி 1916ல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. முழுசாக இல்லை. கிடைத்த வரைக்கும் பார்த்தால், ஒரு மாகாணத்தை ஆள்பவன் தினமும் என்ன செய்வான் என்று ஒரு வரிகூடத் தேறாது. வரி வசூல், ஏரி, ஊர்ச்சபையோடு பேச்சுவார்த்தை, எதுவும் கிடையாது. பிறப்பு, படிப்பு, அப்பாவின் அறிவுரை, படையெடுப்பு, நடுவில் பருவங்களும் காதலும். காவிய இலக்கணம் கேட்பதை எல்லாம் வரிசையாக டிக் அடிக்கிறார். நடுப்பகுதியில் எனக்குக் கொட்டாவி வந்தது, மறைக்கவில்லை.

முடிவில் கம்பணர் சுல்தானை நேருக்கு நேர் நின்று வெட்டிச் சாய்க்கிறார். இங்கேதான் இடிக்கிறது. மதுரை சுல்தான்களின் நாணயங்கள் 1377-78 வரை கிடைக்கின்றன. கம்பணர் இறந்தது 1374 வாக்கில். ஒரு சுல்தானை அவர் கொன்றிருக்கலாம், ஆனால் சுல்தானியத்தின் கதையை அந்த ஒரே வெட்டில் முடிக்கவில்லை.

சரி, பெருமாளைக் கொண்டுவந்தது யார்? ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலேயே பதில் இருக்கிறது. வேதாந்த தேசிகர் எழுதியதாகச் சொல்லப்படும் இரண்டு சுலோகங்கள். அவை பாடுவது கம்பணரை இல்லை, அவருக்குக் கீழே செஞ்சியில் இருந்த கோபண்ணரை. திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து, கொஞ்ச காலம் பூஜித்து, பிறகு இங்கே எழுந்தருளச் செய்தார். வருடம் 'பந்துப்ரியே' என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. கடபயாதி முறையில் ப 3, து 9, ரி 2, ய 1. பின்னாலிருந்து படியுங்கள்: 1293. அது சக ஆண்டு, நமக்கு 1371. கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட அழகான தேதி வடிவம் கிடையாது.

பாட்டியின் ஒருவரிக் கதையில் கோபண்ணர் காணாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. களத்தில் வேலை செய்தவன் பெயர் போய், மேலே இருந்த முதலாளி மகன் பெயர் நிற்பது நம் ஆபீஸ்களில் தெரியாத விஷயமா என்ன?

ஆனால் கங்காதேவியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. காரணம் எட்டாம் சருக்கம். ஒரு பெண் கம்பணர் முன் வந்து, பாழான ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கையில் வாளைக் கொடுக்கிறாள். அதுவரை புகழ்ச்சியாக இருந்த குரல் இங்கே கூர்மையாகிவிடுகிறது. ஸ்ரீரங்கத்தைச் சொல்லும்போது, இடிந்து விழும் செங்கற்கள் தூங்குகிற பெருமாள் மேல் படாமல் ஆதிசேஷன் தன் படத்தால் தாங்குகிறான். ராணியின் காவியத்தில் ஒரு படைவீரனும் செய்யாத காவல் வேலையை அந்தப் பாம்பு செய்கிறது. இந்த ஒரு காட்சிக்காக முன்னால் வருகிற எல்லா அலங்காரத்தையும் நான் மன்னிப்பேன்.

கம்பணர் அரியணை ஏறவே இல்லை. அப்பாவுக்கு முன்னால் போய்விட்டார். 1377ல் புக்கருக்குப் பிறகு வந்தது இன்னொரு மகன், இரண்டாம் ஹரிஹரர். புதிதாகப் படிக்கிறவர்கள் முதல் சருக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். எட்டை எடுங்கள், அப்புறம் ஒருநாள் கோயிலுக்குப் போய் அந்தக் கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள்.