புர்தா மஜ்லிஸ்: ஓதலும் ஓசையும்

தமிழக முஸ்லிம்களின் இலக்கிய வரலாற்றை ஆராய்ந்தோர் புலவர்களையும் காப்பியங்களையும் விரிவாகப் பேசியுள்ளனர். ஆனால், பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் வட்டமாக அமர்ந்து அரபுப் புகழ்ப்பாக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டாக ஓதிவந்த ஆடவர் குழுக்கள் அந்த அளவு கவனம் பெறவில்லை. மவ்லிது ஓதுவது பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் பொருளன்று. ஒரு கலை வடிவமாக இவ்வோதல் எவ்வாறு நின்றது, எங்கே தளர்கிறது என்பதே நம் ஆய்வு.

13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் புர்தா, ஏறத்தாழ 160 ஈரடிகளைப் பத்து ஃபஸ்ல்களில் அமைத்தது. காதல் ஏக்கத்தில் தொடங்கி, மன இச்சையைக் கண்டித்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பு, திருக்குர்ஆன், மிஃராஜ் எனச் சென்று, முனாஜாத்தில் நிறைகிறது. நம் மண் இத்தகைய பாக்களை வெறுமனே ஏற்றுக்கொண்டதோடு நின்றுவிடவில்லை. காயல்பட்டினத்தில் பிறந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703) வித்ரிய்யா என்னும் புகழ்ப்பாவுக்குத் தக்மீஸ் இயற்றினார். ஒவ்வொரு ஈரடிக்கும் முன்னே மூன்று அடிகள் சேர்த்து ஐந்தாக்குவதே தக்மீஸ்.

ஒருவர் பைத்தை ஓத, ஏனையோர் ஜவாபு சொல்வதே நம் மஜ்லிஸ்களின் முறை. அரபு இலக்கணம் கற்காதவரும் செவிவழியே பாடலை மனனம் செய்தனர். சிறுவன் ஜவாபில் தொடங்கி, காலப்போக்கில் பைத்தை எடுத்து ஓதும் தகுதி பெற்றான். ஒருவர் பிழைத்தால் பலர் குரல் திருத்தியது.

ஒலிபெருக்கியும் ஒலிநாடாவும் வந்தபின் இவ்வமைப்பு மாறியது. ஒரு குரல் ஓங்கியது. ஜவாபு சொன்னோர் கேட்போராயினர். அதனினும் பெரிய இழப்பு, திரைப்பாடல் மெட்டுகளில் பைத்துகளை அடைப்பதால் நேர்கிறது. புர்தா பஸீத் என்னும் யாப்பில் அமைந்தது. முஸ்தஃப்இலுன், ஃபாஇலுன் என்னும் சீர்கள் மாறி மாறி வரும் அதன் நடை குறில் நெடில் அளவையே நம்பி நிற்கிறது. மெட்டுக்காகக் குறிலை நீட்டினால் யாப்பு மட்டுமன்றிப் பொருளும் சிதையும். 'கதல' என்றால் கொன்றான். 'காதல' என்றால் போரிட்டான். கல்லுக்கும் காலுக்கும் வேறுபாடு அறிந்த தமிழர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய முறையைப் போற்றுவோரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டுக் குரல் பிழையைத் திருத்துவது போலவே, பொருளறியாத இடத்தில் பிழையை உறுதிப்படுத்தவும் செய்யும். பலர் சேர்ந்து நெடுங்காலம் ஓதிய தவறு மரபாகிவிடும். எனவே பழைய மெட்டை மீட்பது மட்டும் போதாது. மஜ்லிஸுக்கு ஒரு ஃபஸ்ல் வீதம் மூலப்பாடத்தைப் பார்த்து, உச்சரிப்பைத் திருத்தி, தமிழில் பொருள் சொல்லி ஓதினால் பத்து மஜ்லிஸ்களில் புர்தா முழுமையும் நிறைவுறும். நம் அரபிக் கல்லூரிகளின் மாணவர்கள் தத்தம் ஊர்களில் செய்யக்கூடிய பணி இது.