மெர்சிடிஸ் டபிள்யூ 123: எஞ்சினை நம்பலாம், தகரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும்

பழைய டீசல் மெர்சிடிஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்கிறார்கள். ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கிறார்கள், புகையின் நிறம் பார்க்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விசாரிக்கிறார்கள். அடுத்து சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் முகம் சுளிக்கிறார்கள். பெயின்ட் பளபளப்பாக இருந்தால் சமாதானமாகிவிடுகிறார்கள். டபிள்யூ 123 மாடலைப் பொறுத்தவரை இந்த வரிசை முழுக்கத் தலைகீழ். இதில் பூட்டு மலிவான தொல்லை, துருதான் விலையுயர்ந்த தொல்லை. எஞ்சின் இரண்டுக்கும் பிறகு வரவேண்டியது.

1976 ஜனவரியில் அறிமுகமான இந்தக் கார் 1986 தொடக்கம் வரை உற்பத்தியில் இருந்தது. செடான், கூப்பே, எஸ்டேட், நீள வீல்பேஸ் என எல்லா வடிவங்களும் சேர்ந்து ஏறக்குறைய 27 லட்சம் கார்கள். மொராக்கோவில் ஊர் விட்டு ஊர் போகும் ‘கிராண்ட் டாக்சி’யாகப் பல பத்தாண்டுகள் ஓடிய 240டி இந்த வரிசையில் வந்ததுதான். அந்த 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் எண்ணெயும் ஃபில்டரும் ஒழுங்காக மாற்றினால் போதும் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல.

சென்னையில் ஒரு சேகரிப்பாளரிடம் முழுமையாகச் சீரமைத்த 240டி ஒன்று இருக்கிறது. அதை ஓட்டியும் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடியும் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள கார் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால்தான் கெட்டதை அடையாளம் காண முடியும்.

ஓட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 72 குதிரைத்திறன், 1,400 கிலோவை நெருங்கும் எடை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 20 விநாடிக்கு மேல் ஆகும். முந்திச் செல்வதற்கு முன்பே திட்டம் போட வேண்டும். ஆனால் பள்ளம் மேடு உள்ளே தெரிவதில்லை. அகலமான ஸ்டியரிங், உறுதியான சீட், எதுவும் கடகடக்காத கேபின். ஈ.சி.ஆர். போன்ற சாலையில் 80-ல் நாள் முழுக்கச் சலிக்காமல் போகலாம்.

கதவு

நல்ல டபிள்யூ 123 கதவை இரண்டு விரலால் தள்ளினாலே மூடிக்கொள்ளும். இழுத்து அறைய வேண்டியதில்லை. ‘டப்’ என்று கனத்த ஒரே சத்தம், பின்னால் எந்த அதிர்வும் இருக்காது. கதவுப் பூட்டில் இந்தக் கம்பெனி நீண்ட காலம் உழைத்திருக்கிறது. விபத்தில் கதவு தானாகத் திறந்துகொள்ளவும் கூடாது, திறக்க முடியாமல் இறுகிவிடவும் கூடாது என்பதற்காக ஆப்பு வடிவ முளை கொண்ட பூட்டை 1959-லேயே தன் செடான்களில் கொண்டுவந்தது. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியை இந்தக் காரின் கதவிலும் உணரலாம்.

நாற்பது வயதைத் தாண்டிய கதவில் என்னென்ன கெடும்? முதலில் கீல். கதவைப் பாதி திறந்து, கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட கதவு மூடும்போது ஸ்ட்ரைக்கரில், அதாவது தூணில் லேட்ச் பிடித்துக்கொள்ளும் முளையில், ஏறி உட்காரும், திறக்கும்போது சற்றே கீழே இறங்கும். ஓட்டுநர் கதவுதான் அதிகம் திறந்து மூடப்படுவது என்பதால் அதில்தான் இது முதலில் தெரியும்.

இரண்டாவது லேட்ச். உள்ளே இருக்கும் கிரீஸ் காலப்போக்கில் மெழுகுபோல் இறுகிவிடும். வெளிக் கைப்பிடியை இழுத்தால் கதவு தாமதமாக விடும், அல்லது மூடிய கதவு முதல் படியிலேயே நின்றுவிடும். லேட்ச்சுக்கு இரண்டு படிப் பிடிப்பு உண்டு. முதல் படியில் நிற்கும் கதவு பார்ப்பதற்கு மூடியதுபோல் இருக்கும், ஆனால் விளிம்பு பக்கத்துத் தகரத்தைவிட லேசாக வெளியே நிற்கும். ஓடும்போது இது ஆபத்து. பெரும்பாலும் புது லேட்ச் தேவைப்படாது. பழைய கிரீஸைக் கரைத்துக் கழுவி, புதிதாகப் பூசினால் மறுபடி உயிர் வரும்.

மூன்றாவது, ரப்பர் பீடிங். பழையது காய்ந்து வெடித்ததும் மாற்று பீடிங் போடுவார்கள். அது தடிமனாக இருந்தால் கதவு இறுகும். உடனே மெக்கானிக் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தி வெளியே நகர்த்திவிடுவார். சில வாரங்களில் ரப்பர் அமுங்கியதும் கதவு தளர்ந்து காற்றுச் சத்தம் வரும். பீடிங் மாற்றிய உடனே ஸ்ட்ரைக்கரைத் தொடாமல் கொஞ்ச நாள் பொறுப்பது நல்லது.

பின் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை என்றால் பயப்படும் முன் குழந்தைகள் பாதுகாப்பு லாக்கைப் பார்த்துவிடுங்கள். கார் பார்க்கப் போகிறவர்கள் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

காற்றில் ஓடும் பூட்டு

இந்தக் காரின் சென்ட்ரல் லாக் மின்சாரத்தில் இயங்குவதில்லை. வெற்றிடத்தில், அதாவது வேக்குவத்தில் இயங்குகிறது. எல்லாக் கார்களிலும் இது கிடையாது. வாங்கும்போது கேட்டுப் பெற வேண்டிய கூடுதல் வசதியாக இருந்தது. டீசல் எஞ்சினோடு ஓடும் ஒரு வேக்குவம் பம்ப் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சு விசை தருகிறது. அந்தத் தடித்த குழாயிலிருந்து பிரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் கதவுகளுக்கும் டிக்கிக்கும் எரிபொருள் டேங்க் மூடிக்கும் போகின்றன. ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் சவ்வு பொருத்திய சிறு டப்பா ஒன்று. ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்பினால் மற்ற இடங்களில் சவ்வு இழுபட்டு, குமிழ் இறங்கும். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் பூட்டுவதற்காக ஒரு சேமிப்புத் தொட்டி இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள காரில் ‘புஸ்’ என்ற மெல்லிய பெருமூச்சோடு எல்லாக் குமிழ்களும் ஒன்றாக இறங்குவதைக் கேட்பது தனிச் சுகம்.

சவ்வு கிழிந்தாலோ, குழாய்களை இணைக்கும் ரப்பர் துண்டு வெடித்தாலோ, தூணிலிருந்து கதவுக்குள் நுழையும் இடத்தில் குழாய் ஒடிந்தாலோ காற்று உள்ளே கசியும். பூட்டுவதற்கு ஒரு வழி, திறப்பதற்கு இன்னொரு வழி என்பதால், பூட்டும் ஆனால் திறக்காது என்ற விசித்திரமான நிலையும் வரும். மாலையில் பூட்டிய கார் காலையில் மற்ற கதவுகளைத் திறக்க மறுத்தால், இரவெல்லாம் தொட்டி காலியாகிவிட்டது என்று அர்த்தம்.

இதில்தான் இந்தக் காரின் பிரபலமான வேடிக்கை இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அணையும் டீசல் வகைகளில் எஞ்சினை நிறுத்துவதும் இதே வேக்குவம்தான். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. எரிபொருளை நிறுத்தினால்தான் நிற்கும். சாவியை அணைத்ததும் வேக்குவம் போய் இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் உள்ள அடைப்பானை இழுக்க வேண்டும். பின் கதவில் ஒரு ரப்பர் சவ்வு கிழிந்திருந்தால் அந்த விசை போதாமல் போகும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் நின்றுவிடும். ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் உதறலோடு விழுவதற்கும் இதே கசிவு காரணமாகலாம்.

விவரம் தெரியாத இடத்தில் இதற்காக இன்ஜெக்‌ஷன் பம்ப்பையே கழற்றச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். முதல் சோதனை மிக எளியது. கதவுகளுக்குப் போகும் குழாயைப் பிரதானக் குழாயிலிருந்து பிரித்து, பிரித்த வாயை அடைத்துவிட்டு எஞ்சினை அணைத்துப் பாருங்கள். உடனே நின்றால் குற்றவாளி பூட்டுகள்தான். பிறகு மீட்டர் வைத்த கை வேக்குவம் பம்ப்பால் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தால், எந்தக் கதவில் முள் இறங்குகிறதோ அங்கே கசிவு. கதவுப் பலகையைக் கழற்றி, ஒரு டப்பாவையோ ரப்பர் இணைப்பையோ மாற்றினால் முடிந்தது. பொறுமை அதிகம் பிடிக்கும், பணம் அதிகம் பிடிக்காது.

பலகையைக் கழற்றியதும் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, அப்படியே திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீரைக் கேபினுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். பூட்டைச் சரிசெய்து, தாளைத் தூக்கிப் போட்டுவிட்டால் துருவுக்கு வழி திறந்துவிட்டோம்.

தகரம்

ஜெர்மனியில் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு இந்தக் கார்களை அரித்தது. நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் அதே வேலையைச் செய்யும். பார்க்க வேண்டிய இடங்களை முக்கியத்துவ வரிசையில் சொல்கிறேன்.

ஜாக்கி துளைகள்: படி ஓரத்துக்குக் கீழே நான்கு மூலைகளிலும் ஜாக்கி நுழைக்கும் குழாய் உண்டு. அதன் ரப்பர் மூடி தொலைந்தால் சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக உள்ளே போகும். அங்கே துரு இருந்தால் படி ஓரம் முழுவதையுமே சந்தேகப்படுங்கள்.

தரை: கம்பளத்தைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். அடியில் உள்ள தடித்த மெத்தை மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். பானெட்டுக்குப் பின்னால் காற்று நுழையும் பள்ளத்தில் இலைச் சருகு அடைத்தாலும், சன்ரூஃப் வடிகால் அடைத்தாலும் தண்ணீர் இங்கேதான் வந்து சேரும்.

பின்பக்கம்: டிக்கியில் ஸ்டெப்னி குழி, இரண்டு ஓரப் பள்ளங்கள், பின் சக்கர வளைவு, பின் ஆக்சிலைத் தாங்கும் பகுதி. இவை உடம்போடு வெல்டிங் செய்யப்பட்டவை. வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைப்பது பெரிய வேலை.

முன் ஃபெண்டர்: ஹெட்லைட்டைச் சுற்றியும் கீழ் ஓரத்திலும் துருப்பிடிக்கும். ஆனால் இது போல்ட்டில் மாட்டியது. கழற்றி மாற்றலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் செலவில் சின்னது.

கண்ணாடி ஓரங்கள்: முன், பின் கண்ணாடிகளின் கீழ் மூலையில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் ரப்பருக்கு அடியில் துரு நடந்துகொண்டிருக்கிறது. பேட்டரித் தட்டையும் மறக்காமல் பாருங்கள். ஆசிட் வழிந்த தகரம் சல்லடையாகியிருக்கும்.

கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். துணியில் சுற்றிச் சக்கர வளைவிலும் கதவின் கீழ் விளிம்பிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த காரில் அவை அடைபட்டிருந்தால் அடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். டிங்கரிங் செய்யும்போது எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் பெருமையோடு காட்டுவார்.

தீர்ப்பு

பிடித்தவை: தளராத எஞ்சின், சொகுசான ஓட்டம், கையாலேயே புரிந்துகொள்ளக்கூடிய எந்திர அமைப்பு, நன்றாக இருந்தால் வேறு எந்தக் காரிலும் கிடைக்காத கதவுச் சத்தம்.

பிடிக்காதவை: மந்தமான வேகம், ஒளிந்து வளரும் துரு, நம் ஊரில் அரிதாகிவிட்ட வேக்குவம் தெரிந்த மெக்கானிக்குகள்.

வாங்கும் முன் ஆர்.சி. செல்லுபடியாகும் காலத்தைப் பாருங்கள். இந்தியாவில் 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். டெல்லி வட்டாரத்தில் பழைய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கே கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம்.

இரண்டு கார்கள் எதிரே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பளபளக்கிறது, எல்லாக் கதவும் பூட்டுகிறது, ஆனால் ஜாக்கி துளை உதிர்கிறது. இன்னொன்று நிறம் மங்கியது, பூட்டு வேலை செய்யவில்லை, சாவியை எடுத்தும் எஞ்சின் ஓடுகிறது, ஆனால் அடித் தகரம் தட்டினால் ‘டங்’ என்கிறது. பேரம் பேசி இரண்டாவதை வாங்குங்கள்.