வளர்ப்புத் தட்டில் ஒரு வைரஸ்: சாட்சி எவ்வளவு நம்பகமானது?

சோதனைச்சாலையில் வளர்க்கப்பட்ட கல்லீரல் செல்களில் ஒரு மருந்து வைரஸை ஒழித்துவிட்டது என்ற வகைச் செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். படித்தவுடன் நோய்க்கே முடிவு வந்துவிட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. வேறு சிலரோ, தட்டில் நடப்பதற்கும் உடலில் நடப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, செய்தியை அடியோடு தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். ஒரு பரிசோதனையை அது எழுப்பிய கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும். அதற்குப் புகழ்பெற்ற ஒரு பரிசோதனையையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ‘ஹெபடைடிஸ் சி’ வைரஸ் 1989ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. அதன் மரபுச் செய்தி முழுவதும் ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழையில் அடங்கியிருக்கிறது. செய்தி தெரிந்துவிட்டது, ஆனால் வைரஸைத் தட்டில் வளர்க்கத்தான் முடியவில்லை. 1997இல் சார்லஸ் ரைஸ் குழுவினர், சோதனைச்சாலையில் தயாரித்த முழு ஆர்.என்.ஏ. இழையைச் சிம்பன்சியின் கல்லீரலில் ஊசிமூலம் செலுத்தினர். குரங்குக்கு நோய் தொற்றியது. ஆகவே இழையில் குறையில்லை. ஆயினும் ஒவ்வொரு மருந்தையும் சிம்பன்சியில் சோதித்துப் பார்க்க இயலுமா? செலவு ஒருபுறம், அறிவுள்ள ஓர் உயிரினத்தைக் கூண்டில் அடைத்துத் துன்புறுத்துவது மறுபுறம். ஆராய்ச்சி முட்டுச்சந்தில் நின்றது.

இந்த முட்டுக்கட்டையை 1999இல் உடைத்தவர்கள், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பணியாற்றிய ஃபோல்கர் லோமன், ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகர் ஆகியோர் அடங்கிய குழுவினர். அவர்கள் வைரஸின் இழையிலிருந்து மேலுறைப் புரதங்களுக்கான பகுதியை வெட்டி நீக்கினர். அந்த இடத்தில், செல்களைக் கொல்லும் ஒரு மருந்தை எதிர்த்துத் தாங்கும் ஆற்றல் தரும் மரபணுவை வைத்தனர். இவ்வாறு திருத்திய இழைக்கு ‘ரெப்ளிகான்’ என்று பெயர். இதை ‘ஹூ-7’ என்னும் கல்லீரல் செல்களுக்குள் செலுத்தி, பிறகு தட்டில் அந்தக் கொல்லி மருந்தை ஊற்றினர். எந்தச் செல்லுக்குள் ரெப்ளிகான் தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டிருக்கிறதோ, அந்தச் செல் மட்டுமே பிழைக்கும். மற்றவை மடியும். மிகச் சில செல்களே பிழைத்தன. அவை பெருகிக் கூட்டங்களாயின.

இந்தப் பரிசோதனையின் முதற்சிறப்பு, அது தன்னைத்தானே சந்தேகித்துக்கொண்டது என்பதே. பிழைத்த செல்கள் தற்செயலாகப் பிழைத்தவையாக இருக்கலாம் அல்லவா? அதற்காக ஆய்வாளர்கள், படியெடுக்கும் நொதியின் வேலை செய்யும் பகுதியைச் சிதைத்த மற்றோர் இழையையும் இணையாகச் சோதித்தனர். அந்த இழை பெற்ற செல்களில் கூட்டங்கள் தோன்றவில்லை. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத பரிசோதனை, எடைக்கல் இல்லாத தராசைப் போன்றது.

இனி குறைகளைப் பார்ப்போம்.

முதலாவது, தட்டில் இருந்தது முழு வைரஸ் அன்று. மேலுறை இல்லாத காரணத்தால் புதிய வைரஸ் துகள்கள் உண்டாகவில்லை. ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றவுமில்லை. வைரஸ் செல்லுக்குள் எப்படி நுழைகிறது, எப்படி வெளியேறுகிறது என்ற கேள்விகளுக்கு இது விடை தர முடியாது.

இரண்டாவது, ‘கல்லீரல் செல்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஹூ-7, நலமுள்ள கல்லீரலிலிருந்து வந்ததன்று. ஜப்பானியர் ஒருவரின் கல்லீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டு, 1982இல் அறிவிக்கப்பட்ட செல்வரிசை அது. நம் உடலில் கல்லீரல் செல் பெரும்பாலும் பிரியாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இதுவோ ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். பின்னாளில் இதிலிருந்து பிரித்தெடுத்த ‘ஹூ-7.5’ என்ற கிளை வரிசையில் ரெப்ளிகான் இன்னும் நன்றாகப் பெருகியது. அந்தச் செல்களில் வைரஸ் ஆர்.என்.ஏ.வைக் கண்டு அபாயமணி அடிக்கும் ‘ரிக்-ஐ’ என்ற புரதம் பழுதுபட்டிருப்பது 2005இல் தெரிந்தது. காவற்காரன் உறங்கும் வீட்டில் திருடன் எளிதாக நடமாடியதில் வியப்பென்ன?

மூன்றாவது குறையே எல்லாவற்றிலும் கனமானது. தட்டில் செழித்த ரெப்ளிகான்களின் ஆர்.என்.ஏ.வில் சில மாறுதல்கள் ஏற்பட்டிருந்தன. அவை தட்டு வாழ்க்கைக்கு ஏற்ற தகவமைப்புகள் என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில் இத்தகைய மூன்று மாறுதல்களைச் சேர்த்த முழு ஆர்.என்.ஏ.வைச் சிம்பன்சியில் செலுத்தினர், நோய் தொற்றவில்லை. மாறுதல் இல்லாத மூல இழையோ தொற்றியது. தட்டில் வலிமையானது உடலில் வலுவிழந்தது!

இதனுடன் மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த நோயில் கல்லீரலுக்கு நேரும் சேதத்தின் பெரும்பகுதி, தொற்றிய செல்களை நம் தடுப்பாற்றல் படைகள் தாக்குவதால் விளைவது. தட்டில் அந்தப் படைகள் இல்லை. இரத்த ஓட்டம் இல்லை. கல்லீரலில் தழும்பு நார்களை உண்டாக்கும் செல்களும் இல்லை. எனவே தட்டில் வைரஸின் பெருக்கத்தைக் காணலாம். நோயைக் காண முடியாது.

இத்தனை குறைகள் உள்ள பரிசோதனையை ஒதுக்கிவிடலாமா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வைரஸின் ‘என்.எஸ்.5ஏ’ என்ற புரதம் நொதியன்று. ஆகவே சோதனைக் குழாயில் நொதியைத் தடுக்கும் வழக்கமான முறையால் அதற்கு மருந்து தேட இயலாது. ரெப்ளிகான் வாழும் செல்களில் பல சேர்மங்களைச் சோதித்துப் பார்த்ததால்தான் அதைத் தாக்கும் ‘டக்ளடாஸ்விர்’ கிடைத்தது. 2010இல் அதன் விவரம் வெளியாயிற்று. இத்தகைய மருந்துகளை இணைத்து எட்டு அல்லது பன்னிரண்டு வாரங்கள் உட்கொண்டால் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். உள்ளே படியெடுக்கும் எந்திரத்தை நிறுத்துவது எப்படி என்ற ஒரே கேள்விக்குத் தட்டு உண்மையான விடை தந்தது. ஆயினும் அந்த விடையை உறுதிசெய்தவர்கள், மருத்துவச் சோதனைகளில் பங்குகொண்ட நோயாளிகளே என்பதை மறக்கலாகாது.

குறைகளே பாடமாகிய கதையும் உண்டு. 2005இல், கடுமையான கல்லீரல் அழற்சி கண்ட ஜப்பானிய நோயாளி ஒருவரிடமிருந்து கிடைத்த ‘ஜே.எஃப்.எச்.-1’ என்ற வகை, மாறுதல் ஏதுமின்றித் தட்டில் முழு வைரஸாகவே வளர்ந்தது. மற்ற வகைகள் ஏன் வளரவில்லை என்ற ஐயம் மட்டும் எஞ்சியது. ஹூ-7 செல்களில் இல்லாத ஒரு புரதத்தை அவற்றில் சேர்த்ததும் மற்ற வகைகளின் ஆர்.என்.ஏ.வும் பெருகுவதை ரைஸ் குழுவினர் 2015இல் காட்டினர். செல்லின் கொழுப்புப் பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தால் கெடாமல் காப்பதில் வைட்டமின் ‘ஈ’க்குத் துணைபுரியும் புரதம் அது. ஆக, பதினாறு ஆண்டுகளாக வைரஸின் பிடிவாதம் என்று கருதப்பட்டதில் ஒரு பங்கு செல்லின் ஏழ்மையே!

நம் தீர்ப்பு இதுதான்: மைன்ஸ் பரிசோதனை சிறந்த சாட்சி. ஆனால் தான் கண்டதை மட்டுமே சொல்லக்கூடிய சாட்சி. பிழை சாட்சியிடம் இல்லை. காணாததையும் அதன் வாயில் திணிப்பவர்களிடம் இருக்கிறது. உலகில் இன்றும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி தொற்றுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தடுப்பூசி இன்னும் இல்லை. பொய்யான நம்பிக்கையும் வீணான அவநம்பிக்கையும் இவர்களுக்கு ஒரே அளவு தீங்கு செய்யும்.

எனவே அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செல்கள் எங்கிருந்து வந்தவை? அவற்றில் இருந்தது முழு வைரஸா, அதன் துண்டா? ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுச் சோதனை செய்தார்களா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பது தானே விளங்கும்.