கைத்தறி ஆடை விளம்பர நடையில் எழுவாய்

ஒரு வணிக நிறுவனம் தன்னைப் பற்றியும் தன் பொருளைப் பற்றியும் பேசுமிடமெல்லாம் மாறாது பேணும் நடையே அதன் 'குரல்' எனப்படுகிறது. கைவினை ஆடை விற்கும் நிறுவனங்கள் இக்குரலை வரையறுக்கும்போது எளிமை, நேர்மை, மரபு முதலிய பண்புகளைப் பட்டியலிடுவது வழக்கம். எனினும் அக்குரலின் தன்மையை உண்மையில் தீர்மானிப்பது வாக்கியத்தின் எழுவாயே என்பதைச் சில சான்றுகளால் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. துணி எழுவாயாதல்

1950களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான கட்டம்போட்ட பருத்தித் துணி சலவையில் சாயம் கசிந்தது. விளம்பரம் எழுதியோர் இக்குறையை மறைக்கவில்லை. 'பிளீடிங் மெட்ராஸ்' என்னும் பெயரால் அதனையே சிறப்பாக்கினர். துவைக்குந்தோறும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து துணி புதுத் தோற்றம் பெறும் என்பது அவர்தம் வாதம். இதனைத் தமிழாக்குதல் அரிது. 'சாயம் போதல்' தரக்குறைவைச் சுட்டும். 'சாயம் வெளுத்தல்' பொய்மை வெளிப்படுதலைச் சுட்டும். ஆங்கிலத்தில் பொருந்திய உருவகம் தமிழில் எதிர்ப்பொருள் தந்துவிடுகிறது.

இங்குக் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. கசிவது துணி, சாயம் தோய்த்தவர் வாக்கியத்தில் இல்லை. 'கசி' செயப்படுபொருள் குன்றிய வினையாதலின் இஃது இயல்பெனலாம். செயப்படுபொருள் குன்றா வினையிலும், செயப்படுபொருளையே செய்தது போலக் கூறுதலைத் தொல்காப்பியம் வழக்காக ஏற்கிறது. மெழுகப்பட்ட திண்ணை தானே மெழுகியது போலக் கூறுவதை உரையாசிரியர் காட்டுவர். வழக்கில் இது சுருக்கம். விளம்பரத்திலோ செய்தவரை மறைக்கும் திரையாகிறது.

2. 'நாங்கள்' யார்?

இன்றைய நிறுவனங்கள் தன்மைப் பன்மையில் பேச விரும்புகின்றன. ஆங்கிலத் தன்மைப் பன்மை, கேட்போரை உளப்படுத்துதல், விலக்குதல் என்னும் இரண்டையும் ஒரே வடிவில் அடக்கும். தமிழ் இவற்றை 'நாம்', 'நாங்கள்' எனப் பிரிக்கும். எனவே மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். 'நாங்கள் நெய்கிறோம்' என நிறுவனம் கூறின் தறியில் அமராதவரும் நெசவாளராகின்றனர். 'இம்மரபை நாம் காப்போம்' எனின் வாங்குவோர் உட்படுவர். நெசவாளரோ காக்கப்படும் படர்க்கையாக வெளியே நிற்பர். 'எங்கள் நெசவாளர்கள்' என்னும் தொடர் கூலி உறவைக் குடும்ப உறவாகக் காட்டுகிறது. ஆனால் நெசவாளரே உறுப்பினரான கூட்டுறவுச் சங்கம் 'நாங்கள் நெய்தோம்' எனின் அது மெய்யுரை. தொடர் ஒன்றே, பேசுவோர் வேறாதலின் அதன் உண்மையும் வேறாகிறது.

3. வினைக்கேற்ற எழுவாய்

சேலையுடன் நெசவாளரின் பெயர் தாங்கிய அட்டையை இணைப்பது இக்குறையைக் களையும் நன்முயற்சி. ஆயினும் அதுவும் முழுமையன்று. 2019-20ஆம் ஆண்டின் நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் பதிவான 35.22 லட்சம் தொழிலாளருள் நெசவாளர் 26.73 லட்சத்தினர், ஏனையோர் சார்புத் தொழில் செய்வோர். பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல், சாயம் தோய்த்தல் என்னும் வினைகளுக்கும் எழுவாய் உண்டு. அவர்களுட் பலர் அட்டையில் இடம்பெறுவதில்லை.

ஆதலின் குரலை வரையறுப்போர் பண்புப் பெயர்களைத் தொகுக்குமுன் வினைகளைத் தொகுத்தல் வேண்டும். 'வடிவமைத்தோம்', 'வாங்கினோம்', 'விற்கிறோம்' என்பன நிறுவனத்துக்குரியன; 'நெய்தார்', 'தோய்த்தார்' என்பன பிறர்க்குரியன. மூலத்தில் தன்மைப் பன்மை வருமிடத்து, அவ்வினையைச் செய்தவர் யார் என விளம்பரம் தந்தவரிடமே மொழிபெயர்ப்பாளர் கேட்டறிதல் தகும். விடை கிடைக்காதவிடத்து 'நாங்கள்' என எழுதாது விடுதல் நன்று.