பூவை வைத்துக் குலம் சொல்ல முடியுமா?
ஜார்ஜ் பெந்தமின் தாவர வகைப்பாடு – ஒரு மதிப்பீடு

நம் சங்கத்து அன்பர்களில் கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'பெந்தம் – ஹூக்கர்' என்று சொல்லிவிடுவார்கள். பாலிபெட்டாலே, கேமோபெட்டாலே, மோனோகிளாமிடியே என்று மூன்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் அந்த வகைப்பாடு நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்டால்தான் கொஞ்சம் தடுமாற்றம் வரும். மனப்பாடம் செய்தது நினைவில் நின்றுவிட்டது. எதற்காகச் செய்தோம் என்பது நிற்கவில்லை. அந்தக் குறையைச் சற்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜார்ஜ் பெந்தம் (1800–1884) தாவரவியலைப் பட்டப்படிப்பாகப் படித்தவர் அல்லர். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் தம்பி மகன். சட்டம் படித்தவர். 1827-இல் தர்க்கவியல் குறித்து ஒரு நூலும் எழுதியவர். இளம் வயதில் பிரான்சில் இருந்தபோது, தெ கந்தோல் என்பவரின் தாவர நூலில் செடிகளை அடையாளம் காண உதவும் பிரிவு அட்டவணைகளைக் கண்டு அதில் மனம் பறிகொடுத்தார். 'இதழ் உண்டா, இல்லையா? உண்டென்றால் ஒட்டியிருக்கிறதா, தனித்தனியா?' என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு விடைக்குப் போகும் வழி அது. தர்க்கம் பயின்ற மனத்துக்குப் பிடிக்காமல் போகுமா?

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இந்தியச் செடிகள் அவரிடம் போய்ச் சேர்ந்தன. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வாலிச் கொண்டுபோன உலர் செடிகளில் துளசிக் குடும்பத்தைப் பெந்தம்தான் ஆராய்ந்தார். 1854-இல் தமது சொந்தத் தொகுப்பான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உலர் செடிகளை லண்டன் கியூ பூங்காவுக்கே கொடுத்துவிட்டு, அங்கேயே சம்பளம் வாங்காமல் உழைத்தார். அந்த உழைப்பின் பெரிய விளைவுதான் ஜோசப் ஹூக்கருடன் சேர்ந்து லத்தீனில் எழுதிய 'ஜெனிரா பிளான்டாரம்'. 1862 முதல் 1883 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. பெரும்பகுதி பெந்தமின் கைவேலை. விதைத் தாவரங்களை 202 குடும்பங்களாக அடுக்கியது. பாடநூல்கள் தரும் கணக்குப்படி அதில் அடங்கிய சிற்றினங்கள் 97,205.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் உழைத்திருக்கிறார். முன்னோர் எழுதியதைப் பார்த்து எழுதும் வழக்கம் மலிந்திருந்த காலத்தில், கூடியவரை செடியையே கையில் எடுத்து, பூவைப் பிரித்துப் பார்த்து விளக்கம் எழுதினார்கள். அதனால்தான் அது நிலைத்தது. ஹூக்கர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலுக்கும் (1872–1897), பின்னர் கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலுக்கும் (1915–1936) அதுவே அடிப்படை. ஹௌராவில் உள்ள மத்திய தேசிய உலர் தாவரத் தொகுப்பு உட்பட, நம் நாட்டின் பழைய தொகுப்புகள் பலவற்றில் செடித்தாள்கள் அந்த வரிசையில்தான் அலமாரி ஏறின.

இனி குறைகளுக்கு வருவோம்.

பெந்தம் பிடித்துக்கொண்ட முக்கிய அடையாளம் பூவின் இதழ். இருவிதையிலைத் தாவரங்களில் இதழ்கள் தனித்தனியாக இருந்தால் ஒரு பிரிவு; நம் செம்பருத்தியும் பூவரசும் அதில். ஒட்டியிருந்தால் இன்னொரு பிரிவு. அரளியும் இட்லிப்பூவும் அதில். அல்லி, புல்லி என்று இரண்டு வட்டமாகப் பிரியாமல் ஒற்றை வட்டமாகவோ, ஒன்றுமே இல்லாமலோ இருந்தால் மூன்றாவது பிரிவு, மோனோகிளாமிடியே. இந்த மூன்றாவதில்தான் வம்பு. மிளகு, சந்தனம், ஆமணக்கு, கீரைத்தண்டு, ஆலமரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்! இவற்றுக்குள் உறவு என்ன? இதழ் இல்லை என்பதுதான் உறவு. கல்யாண வீட்டில் குடை கொண்டுவராதவர்கள் எல்லாரையும் ஒரே குடும்பம் என்று எழுதி வைத்தால் எப்படி? 'இல்லாமை'யை உறவாக வைத்தால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது, பைன், இமயமலைத் தேவதாரு, சைகஸ் முதலிய விதைமூடாத் தாவரங்களை இருவிதையிலைக்கும் ஒருவிதையிலைக்கும் நடுவில் செருகியது. 'அந்தக் காலத்தில் டிஎன்ஏ ஏது?' என்ற சமாதானம் இங்கே செல்லாது. இவற்றின் சூல் மூடப்படாமல் வெளியே இருக்கிறது என்பதை ராபர்ட் பிரவுன் 1827-லேயே எடுத்துக்காட்டியிருந்தார். தெரிந்த உண்மையை வரிசையில் ஏற்றாமல் விட்டது பெந்தம்–ஹூக்கரின் பிழைதான்.

மூன்றாவது குறை இன்னும் ஆழமானது. 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகள் படிக்கப்பட்டன. அன்று படிப்பதற்கென்று பெந்தமும் ஒரு கட்டுரை வைத்திருந்தார். சிற்றினங்கள் மாறாதவை என்ற கருத்தை ஒட்டியது அது. பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாளடைவில் பரிணாமக் கருத்தை ஏற்கவும் செய்தார். ஹூக்கரோ டார்வினின் நெருங்கிய நண்பர். அப்படியிருந்தும் இருவரும் 1862-இல் தொடங்கிய நூலில் வம்சாவளி நோக்கு இல்லை. கற்றது ஒன்று, கட்டியது ஒன்று.

ஆனாலும் நடுநிலையோடு பார்த்தால், அந்த நூல் தன்னை வம்சாவளி என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. செடியைக் கண்டுபிடிக்க ஒரு வசதியான ஒழுங்கு, அவ்வளவுதான். அந்த வேலையை நன்றாகவே செய்தது. சில இடங்களில் பின்னால் வந்தவர்களைவிடச் சரியாகவும் இருந்தது. இலவ மரத்தைச் செம்பருத்திக் குடும்பத்திலேயே வைத்தார்கள். பின்வந்தோர் தனிக்குடித்தனம் வைத்தார்கள். இன்றைய ஆய்வு மறுபடி செம்பருத்தி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. தேக்கைத் துளசிக் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் வைத்தார்கள். இன்று அது துளசி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கண்ணாலும் கைக்கண்ணாடியாலும் பார்த்தே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

கண் ஏமாந்த இடத்துக்குத் தாமரையைவிட நல்ல உதாரணம் இல்லை. இரண்டும் நீர்ப்பூ, பெரிய பூ, தட்டை இலை என்பதால் தாமரையையும் அல்லியையும் ஒரே குடும்பத்தில் வைத்தது ஜெனிரா பிளான்டாரம். 1998-இல் தொடங்கி மரபணு அடிப்படையில் வகைப்படுத்திவரும் ஏபிஜி குழு சொல்வது வேறு. அல்லி, பூக்கும் தாவரங்களில் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த கிளை. தாமரைக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. தாமரையின் பங்காளிகள் காஷ்மீரத்துச் சினார் மரமும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடும் சில்வர் ஓக்கும்! ஸ்ரீநகர் தால் ஏரியில் தாமரை, கரையில் சினார். பக்கத்துப் பக்கத்தில் நின்றும் உறவு என்று யாருக்குத் தோன்றியது? 2016-இல் வந்த நான்காவது திருத்தத்தில் ஏபிஜி பூக்கும் தாவரங்களை 64 வரிசைகளாகவும் 416 குடும்பங்களாகவும் பிரித்தது.

ஆக, எல்லா வகைப்பாட்டுக்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த அடையாளத்தைப் பிடித்துப் பிரிக்கிறோம்? தொல்காப்பிய மரபியல் வயிரத்தைப் பிடித்தது. வெளியே வயிரமுள்ளது புல், உள்ளே வயிரமுள்ளது மரம். அதன்படி பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் புல்லாயின. அவை எல்லாமே ஒருவிதையிலைத் தாவரங்கள் என்கிறது இன்றைய தாவரவியல்; மூங்கில் புல் குடும்பமே. இதை வைத்து 'அன்றே சொன்னான் தமிழன்' என்று மார்தட்ட வேண்டியதில்லை. தொல்காப்பியர் சொல்லுக்கு மரபு வகுத்தார், செடிக்குக் குடும்பம் வகுக்கவில்லை. ஆனால் பனையை வெட்டிப் பார்த்த கண் ஒன்று அந்த வகுப்புக்குப் பின்னால் இருக்கிறது. பூவைப் பிரித்துப் பார்த்த கண் பெந்தமுக்குப் பின்னால் இருப்பதைப்போல.

நம் கல்வி கோட்டைவிட்டது அந்தக் கண்ணைத்தான். அலமாரி வரிசையைக் குலவரலாறு போலக் கற்பித்தோம். பிள்ளைகள் பூவைத் தொடாமலே பெயரை ஒப்பித்தார்கள். இப்போது பாடநூல்களில் ஏபிஜியும் வந்துவிட்டது. 202-ஐ மனப்பாடம் செய்த இடத்தில் 416-ஐ மனப்பாடம் செய்வதென்றால் என்ன பயன்? பெந்தமைத் தூக்கி எறியவும் வேண்டாம், பூஜை செய்யவும் வேண்டாம். செடியை அடையாளம் காண அவர் வழி இன்றும் கைகொடுக்கும். உறவு அறிய மரபணு வழியே வழி.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. வீட்டில் செம்பருத்தி, கொல்கத்தாத் தெருவில் ஜபா, மும்பைச் சந்தையில் ஜாஸ்வந்த், தில்லியில் குடஹல். நான்கும் ஒன்று என்று உறுதியாகச் சொல்ல அந்த லத்தீன் பெயர் வேண்டும். பூஜைக்குப் பறித்த பூவில் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, 'இதழ் ஒட்டியிருக்கா, தனியா இருக்கா, பாரு' என்று கேளுங்கள். குடும்பப் பெயர் மாறலாம், மாறிக்கொண்டும் இருக்கும். பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அது போகாது.