திமிலைப் பார்க்கிற கண்

2016 மார்ச் 23. பெங்களூரில் வங்கதேசத்தை இந்தியா ஒரே ஒரு ரன்னில் ஜெயித்தது. அந்த ஆட்டத்தை ஒட்டி அமிதாப் பச்சன் ட்விட்டரில் குறைபட்டுக்கொண்டார்: இந்திய வர்ணனையாளர் எப்போது பார்த்தாலும் அடுத்தவர்களைப் பற்றியே பேசாமல், நம்ம ஆட்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசலாமே என்று. பெயர் எதுவும் சொல்லவில்லை. கேப்டன் தோனி அதைப் பகிர்ந்து, தான் சேர்க்க ஒன்றுமில்லை என்றார். அடுத்த மாதம் தொடங்கிய ஐபிஎல் வர்ணனைக் குழுவில் ஹர்ஷா போக்ளே இல்லை. காரணத்தை வாரியம் வெளியே சொல்லவில்லை.

மைக் பிடிக்கிறவருக்கு வந்த இதே நெருக்கடி பத்தி எழுதுகிறவருக்கும் உண்டு. ரசிகராக எழுதணுமா, நடுநிலை ஆய்வாளராக எழுதணுமா? இந்தக் கேள்வியே கோணல் என்பது என் கட்சி. சார்பு குற்றமில்லை. அது கண்ணை மறைக்கிறதா என்பதுதான் விஷயம். வங்கதேசம் எவ்வளவு நெருங்கி வந்தது என்று சொல்லாமல் அந்த ஒரு ரன் வெற்றியின் ருசியை எப்படிச் சொல்ல?

கண்ணை மறைத்ததற்கு நம்ம வீட்டு உதாரணமே இருக்கிறது. 2015 ஜூலையில் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தது. குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியதும், அவர் அந்த அணியின் நிர்வாகி என்பதும் நிரூபணமானதாக உச்ச நீதிமன்றம் அந்த ஜனவரியிலேயே சொல்லியிருந்தது. அப்போது நான் வாசித்த தமிழ்ப் பத்திகள் பலவற்றில் ‘நம்ம டீமுக்கு இப்படி ஆயிருச்சே’ என்ற ஒப்பாரிதான் சத்தமாகக் கேட்டது. டிக்கெட் வாங்கின ஜனத்தை யார் ஏமாற்றினார்கள் என்ற கேள்வி அதில் அமுங்கிப்போனது. ரசிகர்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஏமாந்தவர் அவர்தானே!

அதற்காக உணர்ச்சியைக் கழற்றி வைத்துவிட்டு எழுது என்றும் சொல்ல முடியாது. 1960-ல் டிரினிடாடில் ‘தி நேஷன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ், ஃபிராங்க் வோரலை மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டனாக்கச் சொல்லி வெளிப்படையாக மல்லுக்கட்டினார். அதுவரை ஒரு தொடர் முழுவதற்கும் கறுப்பர் ஒருவரைக் கேப்டனாக்கியதில்லை. அந்த நேரத்தில் நடுநிலை என்று சும்மா இருப்பதும் ஒரு சார்புதான், பழைய அநீதியின் பக்கம்.

எங்கள் மேலூர்ப் பக்கம் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை. வருகிற மாடு சொந்தக்காரர் மாடு என்றால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ஆனால் அவன் திமிலைப் பிடித்தானா வாலைப் பிடித்தானா என்று கேட்டால் பார்த்ததைத்தான் சொல்லணும். மாற்றிச் சொன்னால் ‘அட, சும்மா இருப்பா’ என்று பக்கத்தில் நிற்பவரே வாயை அடைத்துவிடுவார்.

இந்தக் கண்ணை எழுத்துக்குக் கொண்டுவந்தவர் சி.சு. செல்லப்பா. ‘வாடிவாசல்’ கதையில் அப்பனைக் கொன்ற காரிக் காளையைப் பிடிக்க வருகிறான் பிச்சி. கதை அவன் பக்கம்தான். வாசிக்கிற நாமும் அவன் பக்கம்தான். என்றாலும் செல்லப்பா காரியை வில்லனாக்கவில்லை. அதன் வேகத்தையும் சூட்சுமத்தையும் ஒரு பிடி குறைக்காமல் எழுதினார். பிச்சியின் பிடிக்கு எடை வருவது அதனால்தான். காரியைச் சோதா மாடாகக் காட்டியிருந்தால் பிச்சி என்ன பெரிய ஆள்? அதே கதையின் முடிவில், பிடிபட்ட தன் காளையை ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். தன் பக்கத்தின் தோல்வியைக் கண்கொண்டு பார்க்க முடியாத ரசிகர் கடைசியில் எங்கே போய் நிற்பார் என்பதற்கு அதைவிட என்ன சொல்ல?

புள்ளிவிவரம் அடுக்குகிறவரும் தப்பிக்க முடியாது. எந்த எண்ணை எடுப்பது, எதை விடுவது என்பதிலும் மனச்சாய்வு ஒளிந்துகொள்ளும். ரசிகரின் சாய்வாவது வெளியே தெரியும்.

ஒரு பத்தியை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்: எதிரணி ஏன் ஜெயித்தது என்று அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா? முடிந்தால், எழுதினவர் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்து எழுதியிருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.