தாம்பரம் விவாதமும் இரட்சணிய யாத்திரிகமும்: ‘நிறைவு’ என்னும் கருத்தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ விசுவாசம் தமிழரின் பக்தி மரபை நிறைவு செய்கிறதா, முறிக்கிறதா என்னும் வினா 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மாநாட்டில் கூர்மை பெற்றது. அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் நூலாக வெளிவந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், நிறைவையும் முறிவையும் ஒரே உருவகத்திற்குள் காட்டியுள்ளது. அக்காப்பியம் முன்வைக்கும் ஆன்ம நலம் எத்தகையது என்பதை அவ்விவாதத்தின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருஷ்ண பிள்ளை, தாம்பரம் மாநாடு, நிறைவு, பக்தி, ஆன்ம நலம்

முன்னுரை

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் உலக மிஷனரி மன்றத்தின் மாநாடு அவ்வளாகத்தில் நடைபெற்றது. அதனை முன்னிட்டு டச்சு இறையியலாளர் ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கிறித்தவ வெளிப்பாட்டிற்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சியைக் காட்டிலும் முறிவையே வற்புறுத்தியது. அதே ஆண்டில் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் இந்தியக் கிறித்தவத்தை மறுபரிசீலனை செய்யும் கட்டுரைத் தொகுதி ஒன்றைச் சென்னையில் வெளியிட்டனர். அயல் வடிவில் வந்த திருச்சபையைக் கடந்து, இந்திய மனம் கிறிஸ்துவை நேரடியாக அனுபவிக்க வேண்டும் என்பது அவர்களது நிலைப்பாடு.

நிறைவுக் கோட்பாட்டின் தமிழகப் பின்னணி

இந்து சமயத்தின் தேட்டங்கள் கிறிஸ்துவில் நிறைவுறுகின்றன என்னும் கருத்து ஜே.என். ஃபர்குகரின் 1913ஆம் ஆண்டு நூலால் பரவலாக அறியப்பட்டது. எனினும், அதற்கு முன்பே அக்கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லரிடம் இப்போக்கு காணப்பட்டது. சக்கரை அவரிடம் பயின்றவர். பின்னர் ஏ.ஜே. அப்பாசாமி கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் எழுதினார். கிருஷ்ண பிள்ளையின் வாழ்வையும் படைப்புகளையும் பற்றி 1966இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவரும் இவரே. இறையியலார் கோட்பாடாக விவாதித்ததைக் கவிஞர் அனுபவமாக முன்னரே பாடியிருந்தார் என்பதை இத்தொடர்பு உணர்த்துகிறது.

சுமை இறங்குதலும் உள்ளம் உருகுதலும்

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த கிருஷ்ண பிள்ளை, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பன்யனின் உரைநடை உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய காப்பியம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களைக் கொண்டது. 1894இல் நூலாக வெளிவந்தது.

பன்யனின் கதையில் பயணி சிலுவையைக் கண்டவுடன் முதுகுச் சுமை கழன்று கல்லறைக்குள் உருண்டு மறைகிறது. மிகச் சுருங்கிய காட்சி அது. தமிழ்க் காப்பியத்திலோ குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலம் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைக்கிறது. இதனை வெறும் காப்பிய அலங்காரமாகக் கருதுவது பொருந்தாது. பன்யனிடம் நலம் பெறுதல் என்பது சுமையிலிருந்து விடுபடுதல். கிருஷ்ண பிள்ளையிடம் அது துன்புறும் இறைவனைக் கண்டு உருகுதல். ஆழ்வார், நாயன்மார் பாடல்களில் பழகிய தமிழ்ச் செவிக்கு உருக்கமே அருளின் முதல் அடையாளம். ஆகவே, ஆன்ம நலம் இங்குத் தண்டனை நீக்கமாக மட்டுமின்றி உறவாகவும் மாறுகிறது.

கயிறு என்னும் உருவகம்

அப்படலத்தில் பகைவர் இயேசுவைக் கயிற்றால் பிணிக்கின்றனர். அவரைக் கட்டியது கயிறு என்று எண்ண வேண்டாம் என்கிறார் கவிஞர். தம்மைப் பகைத்த மக்களுக்காக உருகும் நேசமே அவரைக் கட்டியது. அக்கட்டை விலக்க இயலாமல் இறைமகன் ஓர் ஏழையைப் போல ஒடுங்கி நின்றார் என்பது அப்பாடலின் கருத்து.

யசோதையின் சிறு கயிற்றுக்குக் கட்டுண்ட கண்ணன் வைணவ பக்தியின் நடுநாயகமான படிமம். மதுரகவியாழ்வாரின் பிரபந்தம் அக்கயிற்றின் பெயராலேயே வழங்குகிறது. அதனை மனத்திற்கொண்டே கிருஷ்ண பிள்ளை பாடினார் என்று உறுதியாக நிறுவுவதற்கில்லை. எனினும், அம்மரபில் வளர்ந்தவரின் கவிதையில் அன்பினால் கட்டுண்ணும் இறைவன் மீண்டும் தோன்றுவது கருதத்தக்கது. வேறுபாடும் அங்கேயே உள்ளது. கண்ணனைக் கட்டியவள் அன்புத் தாய். இங்குக் கட்டியவர்களோ பகைவர். இறைவன் அன்பிற்கு வசப்படுவான் என்பது பழைய அறிவு. அன்பே இல்லாதவர்க்காகவும் கட்டுண்பான் என்பது புதிய செய்தி. உருவகம் தொடர்கிறது, உறவின் நிபந்தனை முறிகிறது.

காப்பியத்தின் எல்லை

‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பாராட்டு யாப்பையும் நடையையும் முன்னிறுத்தி, இந்நுட்பத்தை மறைத்துவிடுகிறது. மறுபுறம், செறிந்த செய்யுள்நடை கற்றோர் வட்டத்தையே எளிதில் சென்றடையும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் சபையோரின் நாவில் நிலைத்த அளவிற்கு இக்காப்பியம் நிலைக்கவில்லை. எல்லோர்க்கும் உரியதெனப் பாடப்பட்ட நலம், புலமையின் வாயில் வழியாகவே நுழைய வேண்டியிருந்தது என்பது இதன் உள்முரண்.

முடிவுரை

நிறைவா, முறிவா என ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி தாம்பரம் விவாதம் கேட்டது. இரட்சணிய யாத்திரிகம் அத்தேர்வை ஏற்கவில்லை. உள்ளம் அருளை ஏற்கும் முறையில் தமிழ்ப் பக்தியைத் தொடர்ந்து, அருள் யாருக்கு உரியது என்பதில் அதிலிருந்து விலகுகிறது. பழைய மொழியை இழக்காமலேயே புதிய நலத்தைப் பெற முடியும் என்பதற்கு இக்காப்பியம் சான்று. எனவே, கிறித்தவத் தமிழிலக்கியத்தை அயல் கருத்தின் தமிழ் உடை என்று மதிப்பிடும் போக்கு மறுபரிசீலனைக்கு உரியது.